பூட்டிவைத்த வைத்தியம்

வேலை பார்க்கும் சலவைக் கடையில் அவளுக்கு 'இருக்கட்டும்' என்றுதான் பெயர். பட்டப்பெயர் சும்மா வருமா? கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. சோபாவோடு வந்த பிளாஸ்டிக் உறையை உரித்ததில்லை. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். எதை எடுக்கப் போனாலும், "இருக்கட்டும், ஒரு நல்லது கெட்டதுக்கு ஆகும்" என்பாள். புருஷன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

அப்படிப்பட்டவள் வீடியோ கேம் ஆடுவாள் என்றால் யார் நம்புவார்கள்? இழுத்துவிட்டது தங்கைதான். அவள் கல்யாணமாகிக் கடல் கடந்து போனபின், போனில் பேசினால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஆட்டத்தில் அப்படியில்லை. கடை விடுமுறையன்று மதியம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருவரும் அந்த உலகத்துக்குள் இறங்குவார்கள். எல்லாம் எரிந்து முடிந்தபின் மிஞ்சிய உலகம் அது. இடிந்த வீட்டின் ஓட்டையை அடைப்பார்கள், கிழங்கு போடுவார்கள், கூடவே தங்கையின் மாமியாரையும் ஒரு பிடி பிடிப்பார்கள்.

அங்கே தங்கம் கிடந்தால் காலால் எத்திவிட்டுப் போகலாம், புத்தகம்தான் கிடைக்காது. குளிருக்கு முதலில் எரித்தது அதைத்தானாம். எரியாமல் தப்பிய புத்தகமும் ஒருவர் படித்து முடித்ததும் தூளாகிவிடும். படித்தவருக்கு மட்டும் அதிலுள்ள வித்தை கைவரும். ஒரு நாள் பாழடைந்த பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள் அக்காவுக்கு ஒரு வைத்தியப் புத்தகம் கிடைத்தது.

"படிச்சுடுக்கா. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது வைத்தியம் தெரிஞ்சிருக்கணும்."

"படிச்சா தூளாயிடுமேடி. இருக்கட்டும், யாருக்காவது முடியாமப் போனாப் பார்த்துக்கலாம்."

"அப்ப நானாவது படிக்கிறேன், குடு."

"உனக்கு எதுலயும் அவசரம்."

இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வாரா வாரம் திறந்து பார்த்து, இருக்கிறது என்று நிம்மதியாக மூடுவாள். பாவி, ஒரு பக்கம் புரட்டியிருக்கக் கூடாதா?

அந்த உலகத்து மழைக்காலத்தில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. திரை ஓரத்தில் அவள் உயிர்க்கோடு சிவந்து சுருங்கத் தொடங்கியது. அக்கா பதறியடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்து புத்தகத்தை விரித்தாள். அப்போதுதான் தெரிந்தது, படித்து முடிக்க அங்கத்திய கணக்கில் ஒரு பருவம் முழுசாகப் பிடிக்கும் என்று. காய்ச்சல் அதுவரை காத்திருக்குமா?

"விடுக்கா, விளையாட்டுதானே" என்றாள் தங்கை. திரையில் அவள் உயிர்க்கோடு அணைந்தது.

அந்த ஆட்டத்தில் செத்தவர் செத்தவர்தான். வேண்டுமானால் வேறு முகத்தோடு, வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்கலாம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வருடக்கணக்காகத் தங்கை கட்டிய வீடும் தோட்டமும் ஆளில்லாமல் நின்றன. அடுத்த விடுமுறைக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

அக்கா தனியாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தாள். கடைசிப் பக்கத்தோடு அது தூளாயிற்று. 'இனி நீங்கள் வைத்தியர்' என்று திரையில் வந்தது. கையோடு போனை எடுத்தாள்.

"படிச்சுட்டேன்டி. இனிமே உனக்கு என்ன வந்தாலும் நான் பார்த்துக்குவேன். புதுசா ஆரம்பிச்சு வா."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

"இருக்கட்டும்க்கா, அப்புறம் பார்க்கலாம்" என்றாள் தங்கை. "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள் அக்கா. "நீ தூங்கினியா?"