ஜெபசீலன் தேய்த்த முதுகு

ஜெபசீலன் எனக்கு ஆயிரத்து நானூறு திர்ஹம் தர வேண்டியிருந்தது. தொண்ணூற்றொன்றில் வாங்கியது. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. கடை மேசைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான், இந்தப் பக்கம் நான் நின்றேன், எண்ணிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் தருகிறேன் என்றான்.

நான் காயல்பட்டினத்துக்காரன். பெயர் கௌஸ் முகைதீன். மூன்றாம் வகுப்பைக்கூட முழுசாகப் படித்தவன் இல்லை. லாஞ்சில் வந்து துபாயில் இறங்கி, அதே லாஞ்சுத் துறையில் மூட்டை சுமந்து, சுமந்த காசில் துணி வாங்கித் தோளில் போட்டு விற்று, பர் துபாயில் இரண்டு வாசல் வைத்த ஜவுளிக்கடை போட்டவன். எந்த பாங்கிலும் ஒரு காசு கடன் கிடையாது. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை, ஜெபசீலனைப் பற்றி.

குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன். தகப்பனார் கட்டுமரக்காரர். இவனும் சின்ன வயதில் வலை இழுத்தவன்தான். பிறகு நாகர்கோவிலில் ஏசி, பாய்லர் வேலையெல்லாம் பழகிக்கொண்டு குவைத்துக்குப் போனான். குவைத்தில் சண்டை வந்தபோது உடுத்த துணியோடு பாலைவனம் கடந்து ஓடி வந்தவர்களில் அவனும் ஒருவன். மிஞ்சியது பாஸ்போர்ட் மட்டும். அவன் மனைவி ஜெபகனியின் தம்பி பிரைட், துபாய் கராமாவில் ஒரு அறையில் எட்டுப் பேரில் ஒருவனாகக் கிடந்தான். அவன்தான் விசிட் விசாவில் இவனை துபாய்க்கு வரவழைத்தான்.

ஆகஸ்டு வெயிலில் என் கடை ஏசி நின்றுபோனது. பிரைட் இவனைக் கூட்டிவந்தான். ஒரு மணி நேரத்தில் சரியாக்கினான். கூலி என்ன என்று கேட்டேன்.

"கூலி வேண்டாம் காக்கா. ஒரு ஒதவி செய்யுங்கோ" என்றான். எங்கள் ஊர்ப் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்; பர் துபாயில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நான் காக்காதான். அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை தயாராக இருக்கிறதாம், விசா செலவுக்குத்தான் காசு இல்லையாம். கையைப் பார்த்தேன். உழைக்கிற கை. கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் போனது, இரண்டு வருடம் போனது. ஆளும் இல்லை, போனும் இல்லை. நான் சும்மா இருக்கிற ஆளா? கடைக்கு வந்தவரிடமெல்லாம் சொன்னேன். துணி கிழிக்கும்போது சொன்னேன், பில் போடும்போது சொன்னேன். பிரைட் என் கடைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டான்.

தொண்ணூற்றேழில் நோன்புப் பெருநாள். நோன்பு மாதம் முழுக்க வியாபாரம். கடைசிப் பத்து நாளில் உட்காரவே இடமில்லை. பெருநாள் தொழுகை முடிந்ததும் அபுதாபியில் இருக்கும் மகள் அஃபீஃபா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கால் இரண்டும் வீங்கிப் புட்டுக்குழாய் மாதிரி இருந்தன. பிரியாணியை வைத்தார்கள், நான்கு வாய் தின்பதற்குள் கண் சொக்கியது. பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புதுப் பத்து திர்ஹம் நோட்டுகளாகக் கொண்டுபோயிருந்தேன். அதை எண்ணிக் கொடுக்கக்கூடத் தெம்பில்லை. உழைத்த உடம்பு ஒருநாள் கணக்குக் கேட்கும். எனக்கு அந்த நாள் வந்துவிட்டதோ என்று தோன்றியது.

மறுநாள் மருமகன் அஸீம், பெரிய ஆபீசில் உத்தியோகம் பார்ப்பவர், சொன்னார்: "மாமா, கெளம்புங்க. உங்கள ஒரு நல்ல ஹம்மாமுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வீட்டுலயே மூணு பாத்ரூம் இருக்கே மாப்புள. அதுக்கு எதுக்கு காரு?"

மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "அது இல்ல வாப்பா. துருக்கிக்காரங்க குளிக்கிற எடம். ஆவியில உக்கார வெச்சு, தேச்சுக் குளிப்பாட்டி அனுப்புவாங்க."

"என்னக் குளிப்பாட்ட ஆளு வேணுமா? செத்த மய்யித்துக்குத்தான் அடுத்தவன் குளிப்பாட்டுவான்."

சொன்னேனே தவிர போனேன். மறுத்துப் பேசவும் அலுப்பு.

வாசலில் பெரிய மீசையோடு ஒரு துருக்கிக் கிழவர். அவர்தான் முதலாளி. மருமகன் நுழைவுக் காசைக் கட்டிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று போய்விட்டார். கிழவர் ஒரு கட்டம்போட்ட துண்டைக் கொடுத்து எல்லாவற்றையும் கழற்றி அலமாரியில் வைக்கச் சொன்னார். கைலியைக் கழற்றினேன், பனியனைக் கழற்றினேன். இடுப்பில் இருக்கும் பச்சை பெல்ட்டைக் காட்டினார்.

"மாஃபி, முடியாது" என்றேன். என் பணம், பாஸ்போர்ட், கடைச் சாவி எல்லாம் அந்த பெல்ட்டில்தான். மூட்டை சுமந்த காலத்திலிருந்து அது என் கண்ணைவிட்டு மறைந்ததில்லை. கிழவர் அரபியில் கத்தினார், நான் தமிழில் கத்தினேன். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையில் பெல்ட்டைச் சுருட்டி, உள்ளே நான் படுக்கிற இடத்துக்கு எதிரே குழாயில் தொங்கவிட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டார். அந்த ஊரில் வேறு யாருக்கும் அப்படி ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

உள்ளே உருண்டையாக ஒரு கூரை. அதில் சின்னச் சின்னக் கண்ணாடி ஓட்டைகள், அது வழியாகத்தான் வெளிச்சம். நடுவில் பெரிய சலவைக்கல் மேடை, அடியில் நெருப்புப் போட்டது மாதிரிச் சூடு. நாலைந்து அரபிகள் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தார்கள். ஆவியில் முகம் தெரியவில்லை.

தேய்க்கிற ஆள் வந்தான். ஒல்லி, நரைத்த தாடி, தலையில் ஒரு துணியைப் புருவம் வரை இறக்கிக் கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இந்தியில் "லேட் ஜாவ், பாபா" என்று கல்லைக் காட்டினான். படுத்தேன்.

செம்புக் கிண்ணத்தில் வெந்நீர் அள்ளி ஊற்றினான். கையில் முரட்டுத் துணி உறையை மாட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான். இழுவை என்றால் அப்படி ஓர் இழுவை. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பு, வலையைக் கரைக்கு இழுக்கிற மாதிரி. நடுவில் என் தோளைத் தட்டி, உருட்டி எடுத்த அழுக்கைக் காட்டினான். கறுப்பு நூல்நூலாக.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அஞ்சு வேள கைகால் கழுவி ஒளுச் செய்றவன்யா நான்! அது அழுக்கா?" என்றேன் தமிழில். அவன் "உல்டா" என்றான். திரும்பிப் படுத்தேன். சோப்பு நுரையை மலை மாதிரி மேலே கொட்டினான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கல்லில் கிடந்தபோதுதான் எனக்கே தெரிந்தது, எத்தனை வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன் என்று. மூட்டை சுமந்த தோள், மேசைக்குப் பின்னால் நின்ற முழங்கால், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முறையிட்டன. எழுந்திருக்க வேண்டாம், இப்படியே கிடந்துவிடலாம் என்றிருந்தது. ஆனால் பெல்ட் குழாயில் தொங்குகிறதே. எழுந்தேன். ஒரு எட்டு வைத்தேன்.

"பாத்து காக்கா! சவுட்டாதீங்கோ, சோப்பு!"

கால் வழுக்கியது. அதற்குள் அவன் பாய்ந்து என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தாங்கிவிட்டான். தலைத் துணி அவிழ்ந்து விழுந்தது. மூக்குக்கு மூக்கு நின்றோம்.

"ஜெபசீலா?"

அவன் கையை எடுக்கவும் இல்லை, பார்வையைத் திருப்பவும் இல்லை. "ஆமா காக்கா" என்றான்.

"ஆறு வருசம்!" என்று ஒரு சத்தம் போட்டேன். கூரை அதை வாங்கித் திருப்பித் திருப்பிச் சொன்னது. அரபிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"பையப் பேசுங்கோ. இங்கன ஒண்ணு சொன்னா ஒம்பது கேக்கும்."

"கேக்கட்டும்! வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேனேடா. எதுக்குத் தொறந்தே?"

"விழுந்திருப்பியளே."

"விழுந்தா ஒனக்கென்ன? கடன் தீந்துச்சுன்னு இருக்க வேண்டியதுதானே?"

"தல கல்லுல அடிச்சிருக்கும். அப்புறம் அந்தக் காச நான் ஆருக்க கையில கொண்டு குடுக்க?"

 எந்த வியாபாரியையும் பேசி மடக்குகிறவன் நான், இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

நுரையைக் கழுவி, பெல்ட்டையும் எடுத்துக் கொடுத்து, வெளியே ஆற உட்காரும் அறைக்குக் கூட்டிவந்தான். துருக்கிக் கிழவர் சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர் வைத்துவிட்டுப் போனார். ஜெபசீலன் தரையில் உட்கார்ந்தான். அவன் விரல்களை அப்போதுதான் பார்த்தேன். ஊறி வெளுத்து, சுருங்கி, நகமெல்லாம் மெத்தென்று ஆகியிருந்தன. அது ஏசி பிரித்த கை என்று சொல்ல முடியாது.

கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. முசஃபா ஒர்க்‌ஷாப்பில் எட்டு மாதம் வேலை, இரண்டு மாதச் சம்பளம். பிறகு ஒருநாள் போனால் கதவில் பூட்டு. விசா கொடுத்த கஃபீல் கையில் பாஸ்போர்ட். அங்கே இங்கே கூலிக்கு அலைந்தபோது இந்தக் குளியல்காரர் பாய்லர் ரிப்பேருக்குக் கூப்பிட்டிருக்கிறார். தேய்க்கிற துருக்கிக்காரன் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. நீயே இரு, விசா மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். இவனும் இருந்துவிட்டான்.

"சம்பளம்?"

"அது கெடையாது. சாப்பாடு, படுக்க எடம். குளிச்சிட்டுப் போறவங்க கையில வெக்கியதுதான் நமக்கு. ஒருத்தன் அம்பது வெப்பான், ஒருத்தன் துண்ட உதறிட்டுப் போவான்."

"ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"காசில்லாம போன் போட்டு என்னத்தச் சொல்ல? கராமாவுக்கு ஒருக்கா வந்தேன் காக்கா. பிரைட்டுக்க ரூம் வாசல்ல ஒரு பய நின்னான். 'காக்காவ ஏமாத்தினவரு நீங்கதானே?'ன்னு கேட்டான். எம் பேரு என்னன்னு அவன் கேக்கல்ல. அதுதான் பேராயிட்டு. அப்பிடியே பஸ் ஏறிட்டேன். பெறவு கோயிலுக்கும் போவல்ல, தமிழாளுவ கடையில ஒரு சாயா குடிக்கவும் போவல்ல."

தலைத் துணியை எடுத்துப் பிழிந்தான்.

"வாற மாசம் ஊருக்குப் போவலாம்னு இருந்தேன். ஜெபகனி போன்ல சொல்லுதா, 'அந்தக் கடனத் தீத்துட்டு வாருங்கோ. மீன் ஏலம் போடுற எடத்துல வெச்சு எங்கிட்ட கேக்குதாங்க'ன்னு."

நான் பர் துபாயில் ஒரு வார்த்தை சொன்னால் அது குளச்சல் கடற்கரை வரைக்கும் போகும். என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்கச் சுகமாக இல்லை. உடம்பு அசந்துபோயிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சரி, போ. பெருநாளும் அதுவுமா அந்தக் கடன நான் விட்டுட்டேன்" என்றேன்.

"விடாதீங்கோ காக்கா."

"என்னடா இது?"

"விட்டா, 'போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்'னு அதையும் கடையில சொல்லுவிய. அது இன்னும் கேடு. எனக்கு அது வேண்டாம். வாங்கிட்டேன்னு சொல்லுங்கோ. முழுசா வாங்கிட்டேன்னு, பிரைட்டு காதுபடச் சொல்லுங்கோ."

உள்ளே போய் ஒரு பால்பவுடர் டின்னை எடுத்துவந்தான். ஈரத்தில் சுருண்ட நோட்டுகள். அஞ்சு, பத்து, அபூர்வமாக ஒரு ஐம்பது. ஒவ்வொன்றாக நீவி பெஞ்சில் அடுக்கினான். அந்த விரலுக்கு நோட்டுப் பிரிப்பதே பாடாக இருந்தது. 

"இது எதுக்குச் சேத்த காசு?"

"டிக்கெட்டுக்கு."

"அப்ப ஊரு?"

"ஹஜ்ஜுப் பெருநாள் வருதுல்ல. கூட்டம் வரும். கை இருக்கு" என்றான். கை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டான்.

நோட்டுக் கட்டை என்னிடம் தந்தான். ஆயிரத்து முந்நூற்று எழுபது இருந்தது. மறுபடி எண்ணினேன். அதேதான். அவன் டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். தகரச் சத்தம்தான் வந்தது.

"முப்பதுதானே கொறையுது. கழிஞ்சுச்சு. கலாஸ்."

"கழியாது. காக்கா, நீங்க எனக்கு இன்னும் கூலி தரல்ல."

"என்ன கூலி? வாசல்ல மருமவன் கட்டிட்டாரே."

"அது மொதலாளிக்கு. தேச்சவனுக்கு வேற. வெல கெடையாது, மனசுபோல வைக்கலாம். முதுகுல எறங்குன அழுக்க நீங்களே பாத்தியள்ளா?" அந்த ஒரு தடவைதான் சிரித்தான்.

"நான் குடுத்தா அத எனக்கே திருப்பித் தருவே. எங்காச எடுத்து எங்கிட்டயே அடைக்கிறதா?"

"குடுத்த பெறவு அது உங்க காசா? ஒரு மணி நேரம் இழுத்திருக்கேன். எங்கூலி அது."

வெளியே மருமகன் கார் ஹாரன் அடித்தார். நான் அசையவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் கூலிக்கு இப்படி வழக்காடியவர்கள் குறைவு. மூட்டை சுமந்த காலத்தில் நானும் லாஞ்சுக்காரனிடம் இப்படித்தான் நின்றேன். சுமந்தாயிற்று, இனி அது என் காசு.

பெல்ட் பையைப் பிரித்தேன். பெருநாளுக்கு எடுத்த புதுப் பத்துகளில் ஐந்தை உருவி, அவன் நீட்டிய கையில் வைத்தேன். ஐம்பது. பார்த்துத்தான் வைத்தேன், கூடவும் இல்லை குறைவும் இல்லை, ஒரு நல்ல குளியலுக்கு நல்ல மனிதன் வைக்கிறது.

அவன் நோட்டுகளை நெற்றியில் தொட்டான். இரண்டை இடுப்புத் துண்டில் செருகிக்கொண்டான். எழுந்து நின்று, மீதி மூன்றை விரலில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நான் கையை விரித்தேன்.

"பத்து" என்றான். "இருவது."

ஊறிய விரலில் கடைசி நோட்டு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்து வைத்தான்.

"முப்பது, காக்கா."