வக்கீலம்மாவுக்கு எடுத்த ஆரத்தி

குவாரியில் மத்தியானம் வெடி வைப்பார்கள். சங்கு ஊதினால் நாங்கள் வீட்டுக்குள் ஓடிவிட வேண்டும். அன்றைக்குச் சங்கு ஊதவில்லை. எதிர்வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய் மாதிரி ஒரு கல் பறந்து வந்து அவள் பாதத்தில் விழுந்தது. அவள் கத்தக்கூட இல்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் குவாரிக்குப் போகிற பாதையில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். என் தம்பிதான் போராட்டக் கமிட்டித் தலைவன். வீட்டுக்காரர் செத்த பிறகு நான் தம்பி வீட்டை ஒட்டிய ஓர் அறையில் இருக்கிறேன். காட்டு வேலைக்குப் போய்த் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு வாய் வராது. பந்தலிலும் கடைசியில் கம்புக்குப் பின்னால்தான் உட்காருவேன்.

ஒரு நாள் குவாரி ஆட்கள் இரும்புக் குழாயோடு வந்து இறங்கினார்கள். பந்தல் கம்பைப் பிடுங்கி அதாலேயும் அடித்தார்கள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியை எடுத்து ஒருத்தர் முதுகில் ஊற்றினார்கள். சட்டையைக் கழற்றும்போது தோலும் கூடவே வந்தது. தம்பியைக் கீழே தள்ளி விலாவில் மிதி மிதி என்று மிதித்தார்கள். அடி வாங்கியதும் நாங்கள், கேஸும் எங்கள் மேல்தான். தம்பியும் இன்னும் சில ஆண்களும் ஜெயிலுக்குப் போனார்கள்.

அவர்களை ஜாமீனில் எடுத்தவள்தான் வக்கீலம்மா. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், என் மகள் வயசு இருக்கும். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தாள். பந்தலில் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் "ஏனுங்கம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

சட்டசபைத் தேர்தல் வந்தது. எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக நிற்கப்போகிறேன் என்று அவள் பந்தலில் வந்து சொன்னாள். தம்பி முதல் ஆளாகக் கையைத் தட்டினான். "தாராளமா நில்லுங்கம்மா, ஊரே ஒங்க பின்னாலதான்" என்றான்.

பிறகு பெரிய கட்சியில் ஒருத்தர் நின்றார். தம்பி பொண்டாட்டிக்கு அவர் சித்தப்பா முறை. தான் ஜெயித்தால் குவாரியை மூட வைப்பதாகச் சொல்லியனுப்பினார். தம்பியின் பேச்சு மாறிவிட்டது.

"யாரு எவருன்னு தெரியாத பொம்பள. செயிச்சா ஊருக்குப் போயி ஒக்காந்துக்கிடுவா. நாளைக்கு நமக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எவன் வாசல்ல போயி நிக்கது?" என்று பந்தலில் கேட்டான்.

எதிர்வீட்டுக்காரி கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏலே, நீ செயில்ல கெடக்கையில எந்தச் சித்தப்பன்ல வந்தான்?"

"போராட்டம் வேற, ஓட்டு வேற. பந்தலுக்கு வந்தா, சோறு போட்டோம்லா? அதுக்காவ ஊரையே எழுதிக் குடுத்துருவமா?" என்றான் தம்பி.

"தையல் மிஷின்லா அவளுக்குச் சின்னம்" என்றான், தம்பிக்குப் பக்கத்தில் இருந்தவன். "நம்ம கிழிஞ்ச பந்தலத் தச்சுக் குடுப்பா."

ஆண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவள் ஜாமீனில் எடுத்தவர்கள். தம்பி சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ என்று நானும் யோசித்தேன். அவள் தோற்றுப் போய்விட்டால், ஜெயிக்கிறவர் எங்களை மனுசராக மதிப்பாரா?

எங்கள் பக்கத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்குப் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். ஒரு தட்டும் வரவில்லை என்றால் இனி ஊருக்குள் வராதே என்று அர்த்தம். வக்கீலம்மா வருகிற அன்று தம்பி வீடு வீடாகப் போய், எவளும் தட்டை எடுக்கக் கூடாது என்று சொன்னான். அவன் பொண்டாட்டி அதற்குள் செம்பில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வைத்திருந்தாள். தம்பி அந்தச் செம்பைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். "ஏட்டி, கைய ஒடிச்சிருவேன்" என்று அவள் கன்னத்தில் அறைந்த சத்தம் என் அறைக்குக் கேட்டது.

சாயங்காலம் வக்கீலம்மாவின் வேன் வந்தது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் இறங்கி, மூடின கதவுகளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். எதிர்வீட்டுக்காரி மட்டும் வாசலில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்து மடியில் வைத்திருந்தாள். அவளால் நிற்க முடியாது.

"எக்கா, நீ எடு" என்று பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னாள்.

"நான் எப்படிட்டி? தாலியறுத்தவ."

"அடிபட்ட பிள்ள மாதிரி நிக்கா அவ. பாத்துட்டு நிக்கியே."

தட்டை வாங்கினேன். என் கல்யாணத்துக்குப் பிறகு ஊர் முழுக்கப் பார்க்கும்படி நடுத்தெருவில் நான் நின்றது அன்றுதான். தட்டில் தண்ணீர் தளும்பியது. அவள் முகத்துக்கு நேரே ஒரு சுற்றுத்தான் சுற்றியிருப்பேன். தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினான். முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி எனக்குள்ளே கேட்டது.

"அறுதலிக்கு ஆரத்தி கேக்கோ?"

தட்டைப் பிடுங்கி அதன் விளிம்பால் வக்கீலம்மா நெற்றியில் ஓங்கி அடித்தான். அதோடு வேன் கண்ணாடி மேல் கல் விழ ஆரம்பித்தது. எறிந்தவர்கள் குவாரி ஆட்கள் இல்லை, பந்தல் ஆட்கள். ஆரத்தித் தண்ணீரும் ரத்தமும் ஒரே நிறமாக அவள் முகத்தில் வழிந்ததால், காயம் எங்கே என்று டிரைவருக்குத் தெரியவில்லை. அவள் ஒரு கையால் தன் நெற்றியைப் பொத்திக்கொண்டு மறு கையால் என்னை வேனுக்குள் இழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தையல் போட்டார்கள், எனக்குக் கட்டுப் போட்டார்கள். அவள் புகார் கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கை எங்கேயோ தனியாகக் கிடக்கிற மாதிரி இருந்தது.

நான் தையல் மிஷினில்தான் அமுக்கினேன். பிறகு பெண்கள் பலர் என் காதுக்குள் வந்து, நானும் அதுக்குத்தான் போட்டேன் என்றார்கள். சொன்னவர்கள் எல்லோரும் போட்டிருந்தால் எங்கள் பூத்திலாவது அவள் ஜெயித்திருப்பாள். வக்கீலம்மா தோற்றாள், சித்தப்பாவும் தோற்றார்.

தேர்தலுக்காக நிறுத்தியிருந்த வெடியைத் திரும்பவும் வைத்தார்கள். இந்தத் தடவை கல் தம்பி வீட்டுக் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு தொட்டில் பக்கத்தில் விழுந்தது. தொட்டிலில் அவன் பேத்தி. கோர்ட்டில் தடை வாங்கினால்தான் வெடி நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் கேஸ் முழுக்கத் தெரிந்த வக்கீலும் ஒருத்திதான்.

அதுவரை என்னோடு பேசாமல் இருந்த தம்பி என் அறை வாசலில் வந்து நின்றான். "எக்கா, அந்தம்மாவுக்கு ஒரு போனு போடேன்."

"நீ போடு" என்றேன்.

கடைசியில் நான்தான் போட்டேன். தொட்டிலைப் பற்றிச் சொன்னேன்.

"ஊருக்குள்ள வரமாட்டனுங்கம்மா. சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு வாங்க" என்றாள்.

பஸ்ஸில் போனோம். தம்பி கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையிலேயே நின்றுகொண்டான். நான் மட்டும் உள்ளே போனேன். அவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். அது கொஞ்சம் வளைந்துதான் கூடியிருக்கிறது. அவள் நெற்றியில் தழும்பு புருவம் வரை இறங்கியிருந்தது.

"வக்காலத்துல கமிட்டித் தலைவர் கையெழுத்து வேணுமுங்கம்மா."

"எதுத்தாப்புல டீக்கடையில நிக்கான் தாயி."

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "வரச் சொல்லுங்க" என்றாள்.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவள் விரலால் காட்டினாள். அவன் பேனாவை வாங்கக் கையை நீட்டினான். அவள் சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நீட்டின கையை மடக்கத் தெரியாமல் தம்பி அப்படியே நின்றான்.