பூனைக்கும் சேர்த்து ஒரு விரதம்

என் கணவர் வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு மாலை போடுகிறவர். போடட்டும், நல்ல காரியம். நாற்பத்தெட்டு நாள் பச்சை வேட்டி, செருப்பில்லாத கால், ரெண்டு வேளைக் குளியல். தைப்பூசத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றங்கரை ஊர்கள் வழியாக நடந்தே போய், கடலில் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு வருவார். அந்த நாட்களில் வீட்டுக்குள் மீன், கறி, முட்டை எதுவும் நுழையக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பழகிப்போனது. போன வருஷம் அந்த மாலை எங்கள் பூனை கழுத்திலும் விழுந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாம்பல் நிறப் பூனை. நாலு வருஷத்துக்கு முன் மழையில் நனைந்து எங்கள் மாடிப்படிக்கு அடியில் வந்து ஒண்டியது, அப்படியே தங்கிவிட்டது. மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு வீட்டில் நாங்கள் ரெண்டு பேரும் பூனையும்தான். காலையில் நான் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் தெருமுனையில் மீன்காரரின் மொபெட் ஹாரன் கேட்கும். அது காதில் விழுந்ததும் எங்கே தூங்கினாலும் எழுந்து வாசலுக்கு ஓடிவிடும். அதற்கென்று கொஞ்சம் சாளை வாங்கி, உப்புப் போடாமல் அவித்து, முள்ளெடுத்து, ஒரு பிடிச் சோற்றில் பிசைந்து வைப்பேன். எங்களுக்கு மீன் வாங்காத நாளிலும் அதற்கு வாங்குவேன். எலி பிடிக்கவே தெரியாது. தட்டில் வைத்ததைத் தின்றே வளர்ந்த சோம்பேறி.

முந்தின வருஷங்களில் மாலைக் காலத்தை எப்படியோ ஓட்டிவிட்டது. கொஞ்சம் இளைக்கும், மாலை கழற்றியதும் தேறிவிடும். போன வருஷம் அது சினையாக இருந்தது. மாலை போட்ட ஒன்பதாம் நாள், துணி அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று குட்டி போட்டது.

என் கணவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. குட்டிகளுக்கு அடியில் தன் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்தவர் அவர்தான். பூனை குட்டி போட்டால் வீட்டுக்குத் தீட்டு உண்டா என்று குருசாமிக்குப் போன் போட்டுக்கூடக் கேட்டார். அதெல்லாம் கிடையாது என்று பதில் வந்தது. தீட்டைப் பற்றிக் கேட்கத் தெரிந்த மனுஷனுக்குச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

மாலை போட்டவரை வீட்டில் எல்லோரும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். பெண்டாட்டியும் அப்படித்தான். சண்டை பிடிக்க வேண்டிய ஆளைச் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டு எப்படிச் சண்டை பிடிப்பது? வாயைத் திறந்ததும் பாதிக் கோபம் இறங்கிவிடும். அவரும் எதிரில் வருகிற எல்லாரையும் சாமி என்பார். பூனையையும் அப்படித்தான் அழைத்தார். ‘சாமி வாங்க, சாப்பிடுங்க’ என்று கூப்பிட்டுத் தயிர்ச்சோற்றை வைப்பார். அந்தச் சாமி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும்.

குட்டி போட்ட மூன்றாம் நாளே கேட்டேன்.

“சாமி, கொல்லையில வச்சு இதுக்கு மட்டும் கொஞ்சம் மீன் அவிச்சுப் போடட்டுமா? பால் குடுக்குத பூனைலா.”

அவர் சிரித்த முகமாகத்தான் சொன்னார். “நாப்பத்தெட்டு நாள்தானம்மா. அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளதான. நம்மளோட சேந்து வெரதம் இருந்துட்டுப் போட்டும். அதுக்கும் புண்ணியம்லா.”

குருசாமியிடம் இதையும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றேன். பூனை தின்கிறதையெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா, சிரிப்பார்கள் என்றார். நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகப் பாலைக் கூட்டிக் கொடுத்தேன், பன்னீர் வாங்கி உதிர்த்துப் போட்டேன், சோயாவை அவித்து மீன் மாதிரியே பிசைந்து ஏமாற்றப் பார்த்தேன். பால் குடித்தால் அதற்கு வயிற்றால் போனது. சோயாவைக் காலால் தள்ளிவிட்டது. வேறு வழியில்லாமல் பசிக்குத் தயிர்ச்சோற்றைத்தான் தின்றது. வயிறு புடைத்திருக்கும், முதுகெலும்பு கையில் தட்டும்.

ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் நாய் வளர்க்கிறார். எங்க நாய்க்குச் சோறும் பருப்பும் முட்டையும்தான், தின்னுட்டு எப்படி இருக்கு பாருங்க என்று போனில் படம் காட்டினார். கன்றுக்குட்டி மாதிரி இருந்தது அந்த நாய். பூனை எங்கேயாவது திருடித் தின்றுவிடும், பட்டினி கிடந்த பூனையை யாராவது பார்த்திருக்கிறார்களா என்றும் சொன்னார். அதுவும் எனக்குச் சரி என்றுதான் பட்டது. எதிர்வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் மீன் வாங்குகிறார்கள். தெருமுனையில் கறிக்கடை இருக்கிறது. மீன்காரர் தினமும் வருகிறார். எங்கேயோ நாலு தலை, நாலு வால் கிடைக்காமலா போகும்? இப்படி நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு.

குட்டிகள் இடைவிடாமல் கத்தின. பால் குடித்த குட்டி தூங்க வேண்டும், இவை தூங்கவே இல்லை. ஒரு நாள் காலையில் மூன்றில் சின்னது அசையாமல் கிடந்தது. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. என் கணவர் அதைத் துண்டில் சுற்றிக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. என்ன செய்ய, அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்றார். ஆயுசாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கே லீவு போட்டேன். பூனையை ஒரு கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். பூனையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளுத்துக் கிடந்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் தயிர்ச்சோறு, பால், பன்னீர், சோயா என்று ஒப்பித்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இது நோய் இல்லம்மா, பசி. இதுக்கு மீனோ கறியோ குடுங்க. அதுக்கு மேலதான் மருந்தெல்லாம்.”

அந்த நாயைப் பற்றிச் சொன்னேன். நாய் வேறு, பூனை வேறு என்றார். நாய்க்குச் சோறும் பருப்பும் முட்டையும் காயும் அளவாகக் கலந்து போட்டால் அதன் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு இறைச்சிக்கென்றே அமைந்தது. டாரின் என்று ஒரு சத்து, கண்ணுக்கும் இதயத்துக்கும் அது இல்லாமல் முடியாது. பூனையால் அதைத் தன் உடம்பில் போதுமான அளவுக்குச் செய்துகொள்ள முடியாது, மீனிலும் கறியிலும் இருந்துதான் எடுக்க வேண்டும். சோற்றிலும் சோயாவிலும் அது கிடையாது. மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் பார்வை போகும், இதயம் பழுதாகும். குட்டிக்குப் பால் கொடுக்கிறபோது சாதாரண நாளைவிட ரெண்டு மூன்று பங்கு தின்ன வேண்டும். இங்கே தாய்க்கே இல்லை, குட்டிக்கு எங்கிருந்து வரும் என்றார். பசும்பாலை நிறுத்தச் சொன்னார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வருகிற வழியில் கடையில் பூனைத் தீனிப் பாக்கெட் ஒன்று வாங்கினேன். அடுப்படிக்கு வெளியே வைத்துப் போடலாம் என்று நினைத்தேன். என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தை முழுக்கப் படித்தார். மீன் என்று ஓரிடத்தில் இருந்தது, கோழி என்று ஓரிடத்தில் இருந்தது. சாயங்காலமே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள்தானம்மா என்றார். மீதி ரெண்டு குட்டியும் அலமாரியில் கத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற டீச்சர், தனி ஆள். கிறிஸ்துமஸ் முடிந்து அவர் வீட்டு வாசலில் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் அடுப்பில் பூனைக்குக் கொஞ்சம் மீன் அவித்துக்கொள்ளட்டுமா, உங்கள் கொல்லையிலேயே வைத்துப் போட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். டீச்சர் திருப்பிக் கேட்டார்.

“அப்பம் அது மீன் திங்கலாமாம்மா?”

“ஏன் டீச்சர் இப்படிக் கேக்கிய?”

“தெனமும் அடுப்படி சன்னல்ல வந்து நின்னு கத்துச்சும்மா. நாந்தான் வெரட்டி வெரட்டி விட்டேன். மாலை போட்ட வீட்டுப் பூனையாச்சே, நாம மீனைப் போட்டு அவுக வெரதத்தைக் கெடுத்துரக் கூடாதுன்னு நெனச்சேன். மீன் பொரிச்சா உங்க வீட்டுக்கு வாடை வந்துரும்னு சன்னலைக்கூட சாத்தித்தான் வச்சேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் தெருவில் இறங்கி மீன்காரரைக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். எங்கள் வீட்டு முன்னால் ஹாரன்கூட அடிப்பதில்லையாம், உருட்டிக்கொண்டே கடந்து போய்விடுவாராம். பூனை பின்னாலேயே ஓடி வருமாம். மற்ற பூனைகளுக்கெல்லாம் மீன் தலையை வெட்டிப் போடுகிறவர் இதற்கு மட்டும் போடவில்லை, மாலை போட்ட வீட்டுப் பூனைக்குப் போட்டால் பாவம்லா யக்கா என்றார். கறிக்கடை பாயும் எங்கள் பூனையை மட்டும் கையை ஓங்கி அனுப்பியிருக்கிறார். தெருவே கூடி, பேசி வைத்ததைப் போல, ஒரு பூனைக்கு விரதம் பிடிக்க வைத்திருக்கிறது. எல்லாரும் நல்லவர்கள். யாரைப் போய் நான் என்ன சொல்ல? ஒருத்தராவது கொஞ்சம் மரியாதை கெட்டவராக இருந்திருந்தால் அந்தக் குட்டி பிழைத்திருக்கும்.

டீச்சர் அன்றைக்கே சாளை அவித்து வைத்தார். நான் பூனையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டேன். அது தின்ற வேகத்தைப் பார்த்து டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலை ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று வேளை போட்டார். நாலாம் நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்வி, தெருவைக் கடந்து, டீச்சர் வீட்டுக் கொல்லையில் விறகு அடுக்கிய சாய்ப்புக்கு மாற்றிவிட்டது. என் கணவர் கட்டிலுக்கு அடியிலும் மாடியிலும் குனிந்து குனிந்து, சாமி, சாமி என்று தேடிக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறது என்று நான் சொன்னேன்.

திருச்செந்தூர் போய்விட்டு வந்து மாலை கழற்றிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பெரிய சீலா மீன் துண்டாக வாங்கி வந்து அவரே அவித்து வாசலில் வைத்தார். பூனை வந்தது. முழுசும் தின்றது. வாயை நக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. தின்னக் கூப்பிட்டால் வரும், இருக்க வராது. குட்டிகள் ரெண்டும் இப்போது பெரிய பூனைகள். அவையும் டீச்சர் வீட்டுப் பூனைகள்தான்.

இந்த வருஷமும் மாலை போட்டார். மறுநாள் காலையில் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

“இந்தத் தடவ ஒரு தொந்தரவும் இல்லம்மா. வீட்டுல பூனை இல்லல்லா.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த டபராவை வைத்த சத்தத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். தெருமுனையில் ஹாரன் கேட்டது. எங்கள் வீடு நெருங்கியதும் மீன்காரர் போன வருஷம் போலவே ஹாரனை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, இங்கன நிப்பாட்டுங்க” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

அவர் எனக்குப் பின்னால் தெரிந்த பச்சை வேட்டியைப் பார்த்தார். “யக்கா, மாலை...”

“மாலை அவுகளுக்கு. எனக்கும் இல்ல, பூனைக்கும் இல்ல. கால் கிலோ சாளை போடுங்க.”

கறிக்கடை பாய் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். டீச்சர் ஜன்னலுக்கு வந்துவிட்டார். மூன்று பூனைகளும் மதிலிலிருந்து குதித்து என் காலைச் சுற்றின. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தெருவைக் கடக்கப் போனபோது பின்னால் அவர் குரல் கேட்டது. பைய, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“முள்ளெடுத்துட்டுப் போடும்மா.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வார்த்தையைப் போன வருஷம் சொல்லியிருந்தால் இப்போது என் காலைச் சுற்றுவது நாலு பூனையாக இருந்திருக்கும். அவரைக் கேட்காமல் நானே போட்டிருந்தாலும் நாலாகத்தான் இருந்திருக்கும்.