வெறுங்கையோடு நின்ற அந்தோணியார்

பல்செட்காரர் என்றால் பல்லைப் பிடுங்குகிறவர் இல்லை. பிடுங்கிய வாய்க்குப் பல் கட்டிக் கொடுக்கிறவர். காலையில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து அச்சில் ஊற்றுவார். அது இறுகும்வரை வேதாகமம் வாசிப்பார். வாசித்ததைப் பல் கட்ட வந்தவர்களிடம் விளாசுவார். பொக்கை வாய்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

அதிகம் விளாசப்பட்டது மாமியார்தான். ஊறிப்போன கத்தோலிக்கர். மகளைப் புராட்டஸ்டன்ட் வீட்டில் கட்டிக்கொடுத்து, கடைசியில் தானும் அங்கேயே வந்து இருக்கும்படி ஆயிற்று. துணிப்பெட்டியோடு முழ உயர பிளாஸ்டர் சிலையாக அந்தோணியார் சுரூபம் ஒன்றும் கூடவே வந்தது. அந்தோணியார் கையில் குழந்தை இயேசு இருக்க வேண்டும். இல்லை. கப்பல் வேலைக்குப் போன மகனிடமிருந்து தகவல் நின்றுபோனதும், மாமியார் குழந்தையைப் பெயர்த்தெடுத்துத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டார். ‘என் பிள்ளையைக் கொண்டுவந்து விடும், உம்ம பிள்ளையைத் தருகிறேன்’ என்பது ஒப்பந்தம்.

மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அத்தை, தினம் நான் குழைக்கிற மாவுதான் அது. அதுகிட்டயா பேரம் பேசுறீங்க? கர்த்தர்கிட்ட நேரா கேட்டா அவருக்குக் கேக்காதா?”

“நேராவும்தான் கேக்குறேன் மாப்பிள்ளை. கூட ஒரு ஆளும் சொல்லட்டுமேன்னுதான்.”

“பிள்ளையைப் பிடிச்சு வச்சிருக்கீங்களே, அதுக்குப் பேரு ஜெபமா? ஆள்கடத்தல்.”

மாமியார் சிரித்தார். சிரித்த பல்லும் மாப்பிள்ளை கட்டிக்கொடுத்ததுதான்.

மாப்பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை. ஆண்டவரோடு கொடுக்கல் வாங்கல் ஆகாதுதான். ஆனால் தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டல்லவா மனுஷர் அடுத்தவர் கண்ணின் துரும்பைப் பற்றிப் பேசினார்! ஆலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. பாடினால் பெஞ்சு அதிரும். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஓடியும் வீட்டில் பிள்ளை இல்லை. பிள்ளை தரும்வரை பாடமாட்டேன் என்று கர்த்தருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டார். ஞாயிறுதோறும் பாட்டுப் புத்தகத்தை விரித்தபடி கல்லாக நிற்பார். அதற்கு அவர் வைத்த பெயர் பொருத்தனை, அதாவது கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட வாக்கு. உங்களுக்கும் அம்மாவுக்கும் என்ன வித்தியாசம் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். “அது வேற, இது வேற” என்று முடித்துவிட்டார்.

மாமியார் நுரையீரலில் நீர் கோத்துப் படுத்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு மத்தியானம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உறைக்குள்ளிருந்து குழந்தையை எடுத்து நீட்டினார்.

“இதை அவர் கையில ஒட்டிடுங்க. நீங்க ஒட்டினா நிக்கும்.”

பல்செட்காரர் அதை வாங்கிக்கொண்டார். “மச்சான்கிட்டேருந்து தகவல் வந்துச்சா அத்தை?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்? பேசினபடி அவர் செய்யலியே.”

“செய்யலதான். அதுக்காக எத்தனை நாள் வெறுங்கையோட நிப்பாரு? பிள்ளை இல்லாத கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவருக்கு அதைச் செஞ்சுட்டேன். என் பிள்ளை வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, ஆண்டவர் இஷ்டம். இதுக்கு மேல பேரம் இல்ல.”

பல்செட்காரர் கையிலிருந்த குழந்தையைத் திருப்பிப் பார்த்தார். பொம்மை பொம்மைதான், அதில் இன்றும் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆண்டவரோடு பேரம் கூடாது என்று இத்தனை வருஷம் வாய்கிழியப் பேசியது யார்? கேட்டது கிடைக்காமலே கொடுத்தது யார்? செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டிய பரிசுத்த நிலம் ஒன்றை வேதத்தில் வாசித்திருக்கிறார். அது தன் வீட்டு அறைக்குள் இருக்கும் என்று நினைத்ததில்லை.

பழைய பிசிறைச் சுரண்டி, மாவைக் குழைத்து, அத்தையின் கட்டிலருகே நின்ற அந்தோணியார் கையில் குழந்தையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இறுகும்வரை வேதாகமம் புரட்டக் கை ஒழியவில்லை. சும்மா நின்றார். துருப்பிடித்த அந்தக் குரல் ஒரு துதிப்பாட்டின் முதல் அடியைத் தொட்டது, இடறியது, மறுபடி பிடித்தது. கட்டில் சட்டம் அதிர்ந்தது.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. மனைவி ஈரக்கையோடு கதவருகே வந்தாள். கணவரின் வாயையே பார்த்தபடி நின்றாள். பொருத்தனை என்னாயிற்று என்று அவள் கேட்கவில்லை. கண் மட்டும் நிறைந்தது. அவருக்குக் கை நடுங்கியது.

“கையை ஆட்டாம பாடுங்க மாப்பிள்ளை” என்றார் மாமியார். “பிள்ளை விழுந்துடும்.”