பெயர் போடாத திருத்தம்

டாக்டர் எழுதிய சீட்டில் வலது கை என்று இருக்கிறது. வந்தவர் நீட்டுவதோ இடது கை. "எந்தக் கையா இருந்தா என்னம்மா, வலிக்கிறத எடுங்க" என்கிறார். எக்ஸ்ரே அக்கா மசிவதாக இல்லை. "வலி உங்களுக்குத் தெரியும், சீட்டுக்குத் தெரியாதே. மாத்தி எழுதி வாங்கிட்டு வாங்க." அவர் முணுமுணுத்துக்கொண்டே மாடியேறுகிறார். அடுத்த ஆள் வருவதற்குள் அக்கா சுவரில் ஒட்டிய அறிவிப்பில் ஒரு தேதியை அடித்துத் திருத்திவிடுகிறார்.

தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகையில் கிழமை மாறியிருந்தால் மாப்பிள்ளையின் அப்பாவுக்கே போன் போடுவார். "எங்க அம்மாகிட்ட பொய்யக்கூட சரியாச் சொல்லணும்" என்று சிரிப்பாள் கல்லூரியில் படிக்கும் மகள். அப்பா இல்லாத பெண். அம்மாவின் சம்பளத்தில்தான் படிப்பு ஓடுகிறது.

இந்த அரிப்புதான் அக்காவை இணையத்துக் கலைக்களஞ்சியத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். நதிகளின் நீளத்தையும் அரசர்களின் ஆண்டுகளையும் ஒரு புனைபெயரில் சரிசெய்துகொண்டிருப்பார். "கேள்விப்பட்டதுக்கெல்லாம் அங்க இடமில்ல. அச்சுல வந்திருக்கணும்" என்பார், ஏதோ தான் போட்ட சட்டம் போல.

அப்படித் திருத்தியவற்றில் ஒன்று, அவர் வேலை பார்க்கும் மருத்துவமனைக் குழுமத்தைப் பற்றிய பக்கம். முன்பொரு முறை அதன் வேறொரு கிளையில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்தது. மூன்று குழந்தைகள் அன்றே இறந்தன. நான்காவது, வேறு மருத்துவமனையில் சில நாள் போராடிவிட்டுப் போனது. விசாரணை அறிக்கை நான்கு என்கிறது. குழுமம் இன்றுவரை மூன்று என்றே சாதிக்கிறது. அந்தப் பக்கத்தில் யாரோ நான்கை மூன்றாக்குவார்கள். அக்கா மறுபடி நான்காக்குவார். "அதப் பெத்தவ ஒருத்தி இருக்காளே" என்று ஒருநாள் தங்கையிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

குழுமம் கோர்ட்டுக்குப் போனது. எழுதியவர்கள் யார், பெயர்களைக் கொடு என்று கேட்டது. கலைக்களஞ்சியத்தை நடத்துபவர்கள் மறுத்து வழக்காடுகிறார்கள். அக்காவின் புனைபெயர் பத்திரமாகத்தான் இருந்தது. சறுக்கியது வேறிடத்தில். தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம், தோளில் குழந்தையைத் தட்டிக்கொண்டே, அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருமுறை மூன்றை நான்காக்கினார். தன் கணக்கில் நுழைய மறந்துவிட்டார். கணக்கில் நுழையாமல் திருத்தினால், அந்த வீட்டு இணைய இணைப்பின் எண் ஊரறியப் பதிந்துவிடும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, தங்கை கணவரின் பெயருக்குச் சம்மன் வந்தது.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பூப்படம் போட்ட காலை வணக்கத்தைத் தவிர யாருக்கும் எதையும் அனுப்பி அறியாதவர். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "நான்தான் எழுதினேன்னு சொல்லிடறேன்க்கா. என்னை யாரு வேலையவிட்டுத் தூக்குவா? ஊர்ல ஃபிரிட்ஜ் இருக்கிறவரைக்கும் எனக்குச் சோறு இருக்கு. உங்க பேரு வெளிய வந்தா மறுநாளே கேட்டைச் சாத்திடுவாங்க. பாப்பா படிப்பு என்னாகிறது?" என்றார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் மகளின் படிப்பை நினைத்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாதவர், முதல்முறையாக ஒரு பொய்க்குத் தலையாட்டினார். அன்றிலிருந்து எக்ஸ்ரே அறையில் அவர் யாரோடும் சீட்டுக்காக மல்லுக்கு நிற்கவில்லை.

விசாரணையன்று பின்பெஞ்சில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூண்டில், இஸ்திரி போட்ட சட்டையில் தங்கை கணவர்.

"எழுதினது நீங்கதானா?" என்று கேட்டார் குழுமத்தின் வக்கீல்.

"ஆமாங்கய்யா. நானேதான்."

"எத்தனை குழந்தைங்க இறந்ததா எழுதினீங்க?"

அக்கா எழுதியதைத் தங்கை கணவர் படித்ததே இல்லை. கோர்ட்டிலிருந்து வந்த குழுமத்தின் மனுவைத்தான் அவர் உருப்போட்டிருந்தார். அதில் எங்கு பார்த்தாலும் மூன்று.

"மூணுங்கய்யா."

வக்கீலின் முகம் மலர்ந்தது. "மூணுதானே? சத்தமாச் சொல்லுங்க, பதிவாகட்டும்." நீதிபதிக்குக் கீழே இருந்த எழுத்தர் தட்டச்சுப் பலகையில் விரல் வைத்தார்.

அக்கா எழுந்தார். "உட்காருக்கா" என்று தங்கை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கினார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மற்ற நான்கு விரல்களையும் நீதிபதிக்குத் தெரியும்படி விரித்துப் பிடித்தார்.