பிலாத்துவின் தொண்டைக்கு இரண்டு கால்கள்

எங்கள் கோயிலில் பத்தொன்பது வருடம் பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் பிலாத்தாக நின்றவன் நான்தான். ஆண்டவர் விசாரணையிலும் சிலுவையிலும் பட்ட பாடுகளை வாசிக்காமல் பாடுகிற வழக்கம் எங்கள் பங்கில் இன்னும் இருக்கிறது. இயேசுவின் வரிகளைச் சாமியார் பாடுவார், கதை சொல்லும் வரிகளைப் பாடகர் குழுத் தலைவர் பாடுவார், அவருக்குத் தீர்ப்பு சொல்லும் ரோமைக் கவர்னர் பிலாத்துவின் வரிகள் எனக்கு. மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரி. அந்த வரிகளுக்காகத்தான் மிச்ச வருடம் முழுக்கச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய தவக்காலத்தில் என் குரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பேசினால் வரும். பாடினால், மேலே ஏறும்போது நடுவழியில் நின்றுவிடும். முதலியார்பேட்டை வீட்டு மாடியில் நின்று நான் பாடிப் பார்த்தபோது கீழே துணி அலசிக்கொண்டிருந்த மனைவி, "மோட்டார்ல காத்து வாங்குது போல, போயி பாருங்க" என்றாள். நான் இறங்கிப் போய் மோட்டாரைப் பார்த்தேன். அது அணைந்து கிடந்தது.

அந்த வாரம் ஒத்திகையில் குழுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். "அண்ணே, தொண்ட கட்டியிருக்கு. இந்த வருஷம் வேணும்னா நம்ம பேங்க் தம்பி பாடட்டுமே. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். பேங்க் தம்பி என்பது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த முப்பது வயதுக்காரர். நல்ல குரல், அதுதான் கொடுமை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஈஸ்டருக்கு இன்னும் நாலு வாரம் இருக்குப்பா, அதுக்குள்ள சரி பண்ணிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எப்படிச் சரி பண்ணுவேன் என்று எனக்கே தெரியாது.

வழி காட்டியது பிரான்சிலிருக்கும் என் அக்கா. அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நாற்பது வருடமாக அங்கேதான் குடித்தனம். வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினாள். "தம்பி, அந்த மாத்திர கீத்திரயெல்லாம் வுடு. அர்ழான் கொலொய்தால்னு ஒண்ணு இருக்கு. வெள்ளிய தண்ணில கரைக்கிறது. நானு தெனம் ஒரு ஸ்பூன் குடிக்கிறேன், தொண்ட மணியாட்டம் இருக்கு. கடையில வாங்காத, ஏமாத்துவான். வூட்லயே செஞ்சிக்கலாம். வெள்ளி, பேட்டரி, தண்ணி. வொலா, அவ்ளோதான்." அந்தச் செய்திக்குள்ளேயே அக்கா மூன்று தடவை இருமினாள். அதை மனைவி கவனித்தாள். எனக்கு 'மணியாட்டம்' மட்டும்தான் காதில் விழுந்தது.

நான் மின்துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேட்டரி, மின்சாரம் என்றதும் இது நமக்காகவே வந்த வைத்தியம் என்று தோன்றியது. "நீங்க பில்லுக்குப் பணம்தான வாங்குனீங்க, எந்தக் கம்பத்துல ஏறுனீங்க" என்று மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அன்று எனக்கு நியாயம் தேவைப்படவில்லை, கருவிதான் தேவைப்பட்டது.

முதலில் இணையத்தில் தயார்க் கருவி ஒன்றைப் பார்த்தேன். கறுப்புப் பெட்டி, நீல விளக்கு, இரண்டு கம்பி. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் வந்து சேரும் தேதி ஈஸ்டருக்கு அடுத்த வாரம். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகு பிலாத்துக்கு என்ன வேலை? பெட்டியை விட்டுவிட்டு, தாடி வைத்த ஒருவர் சமையலறையில் நின்று செய்து காட்டும் வீடியோவைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்றை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். பல்லுள்ள கிளிப் இரண்டு. கண்ணாடிக் குடுவை. காய்ச்சி வடித்த தண்ணீர். சுத்தமான வெள்ளிக் கம்பி இரண்டு. உப்பு மட்டும் போடவே கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

நேரு வீதியில் பேட்டரி வாங்கினேன். கடைக்காரர் "மைக்குக்கா சார்?" என்று கேட்டார். ஒரு வகையில் மைக்குக்குத்தான் என்பதால் ஆமாம் என்றேன். தண்ணீருக்கு இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடைக்குப் போனேன். "எந்த வண்டிக்கு சார்?" என்றார் அங்கிருந்தவர். "பழைய வண்டிதான், ஸ்டார்ட் ஆவுது, மேடு ஏற மாட்டேங்குது" என்றேன். "அதுக்குத் தண்ணி ஊத்துனா போதாது சார், எஞ்சினப் பாக்கணும்" என்று சொல்லி ஐந்து லிட்டர் கேனைக் கொடுத்தார். அவரிடமே வைத்தியம் பார்த்திருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். குடுவைக்கு அலையவில்லை. அக்கா போன தடவை கொண்டுவந்த ஜாம் பாட்டில் காலியாக இருந்தது.

மிஞ்சியது வெள்ளி. அதில்தான் என் அறிவு முழுவதும் செலவானது. வீட்டில் மகளுடைய பழைய கொலுசு இருந்தது. மனைவி அதைத் தொடவே விடவில்லை. நகைக் கடையில் விசாரித்தால் கொலுசில் செம்பு கலந்திருக்குமாம், சுத்த வெள்ளி என்றால் காசுதானாம். காசைக் கொண்டுவந்து வெல்வெட் துணியில் வைத்தார்கள். எல்லாக் காசிலும் லட்சுமி. வேறு இல்லையா என்றதற்குப் பிள்ளையாரைக் காட்டினார்கள். ஒன்றுமே போடாத காசு இருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணுமே போடாத காசு யாரு சார் வாங்குவாங்க?" என்றது அந்தப் பெண். லட்சுமி காசைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"லட்சுமியக் கரைச்சுக் குடிச்சிட்டுப் பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல போயி நிப்பீங்களா? லட்சுமி கும்புடுற பக்கத்து வூட்டக்காவுக்குத் தெரிஞ்சா நம்மகிட்ட பேசுவாங்களா? எந்தச் சாமிக்கும் ஆவாது. வச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தேன். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கச் சொல்லியிருந்தாள். தவக்காலம், கறி கிடையாது. மீன் பையோடு திரும்பும்போதுதான் மெழுகுவர்த்தி, ஜெபமாலை விற்கும் கடையில் வேண்டுதல் தகடுகள் தொங்குவதைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கை சுகமானால் வெள்ளியில் கை, கண் சுகமானால் கண், வீடு கட்டினால் வீடு, வாங்கி மாதாவுக்குக் காணிக்கை போடுவார்கள். வெயிலில் எல்லாம் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தன. நான் மீன் பையைக் கீழே வைத்தேன். தகடு. மெல்லிசு. வெள்ளி. எந்தத் தெய்வமும் பொறிக்காதது.

"என்னா வேண்டுதல் சார்?" என்றார் கடைக்கார அம்மாள்.

"தொண்டம்மா."

"தொண்ட வராதே சார். தலயோட சேத்துத்தான் வரும். முகம் தரட்டா?"

முகம் குடுவைக்குள் போகாது. கிளிப் மாட்ட நீளமாக ஏதாவது வேண்டும். "கால் குடும்மா. ரெண்டு" என்றேன்.

"முட்டி வலியும் இருக்குதா? பாவம்" என்று அவர் நல்லதாக இரண்டு கால் பொறுக்கிக் கொடுத்தார்.

நகைக் கடையில் ஐந்து தடவை சுத்தம் எத்தனை, சுத்தம் எத்தனை என்று கேட்டவன் நான். இங்கே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மாதாவுக்குப் போகிற பொருளை எப்படிச் சந்தேகப்படுவது? இரண்டு காலும் சேர்ந்து மீனைவிட மலிவாக இருந்தது. அதையும் மாதாவின் சலுகை என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். மூன்று பேட்டரியைக் கோத்து, கால்களைத் தொடையில் கிளிப்பால் கவ்வி, ஜாம் பாட்டிலுக்குள் பாதம் கீழே இருக்கும்படி இறக்கினேன். யாரோ முழங்கால் வரை கடலில் இறங்கி நிற்கிற மாதிரி இருந்தது. கால் மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தாடிக்காரர் ஒரு மணி நேரமாவது பொறுக்கச் சொல்லியிருந்தார். நான் பொறுமைக்குப் பேர் போனவன் இல்லை. அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை கல்லுப்பை எடுத்து வந்து போட்டேன்.

குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. என் முகத்தில் வந்த பெருமையை நானே உணர்ந்தேன். தண்ணீர் முதலில் பால் மாதிரி கலங்கியது, பிறகு சாம்பலானது, பிறகு பச்சையாயிற்று. அக்கா அனுப்பிய படத்தில் இளமஞ்சளாக இருந்தது. நாடு மாறினால் நிறம் மாறும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு காலில் வெள்ளி உரிந்து, பாதம் செக்கச் செவேல் என்று செம்பாகத் தெரிந்தது.

சத்தம் கேட்டு வந்த மனைவி குனிந்து பாட்டிலைப் பார்த்தாள். "மாதாவுக்குப் போற காலுக்குக் கரண்ட் வச்சிருக்கீங்க" என்றாள், மெதுவாக. அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். நான் டம்ளரை எடுத்து ஊற்றப் போனேன். அவள் டம்ளரைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். "குடிக்கிறதுன்னா டாக்டர்கிட்ட காட்டிட்டுக் குடிங்க. அவங்க சரின்னா நானும் ஒரு ஸ்பூன் குடிக்கிறேன்."

அப்படித்தான் பாட்டிலோடு மிஷன் வீதிப் பக்கமுள்ள காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம். சின்ன வயசுப் பெண் டாக்டர். மேசையில் வைத்த பச்சைத் தண்ணீரைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "இது யாரோட யூரின்?" என்றார். மனைவி பதறி, "யூரின் இல்ல டாக்டர், மருந்து" என்றாள். டாக்டர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கால்கள் ஆடின.

"தொண்டைன்னு சொன்னீங்க. கால் எதுக்கு?"

நான் முழுக் கதையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். அதற்காகவே அவருக்கு ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும். வெள்ளித் தண்ணீர் எந்தத் தொண்டையையும் குணமாக்காது, தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் படிந்து உடம்பு நீலம் பூத்த சாம்பல் நிறமாகும், பிறகு திரும்பாது என்றார். "இதுல அந்த வெள்ளிகூட அதிகம் இல்ல. செம்புதான். குடிச்சிருந்தா இந்நேரம் வாந்தி எடுத்துட்டு எமர்ஜென்சில இருப்பீங்க. உங்க அக்காவையும் நிறுத்தச் சொல்லுங்க." பிறகு மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுத் திரையில் என் தொண்டையைக் காட்டினார். பத்தொன்பது வருடம் கோயிலை நிறைத்த சாமான் இரண்டு சின்ன வெள்ளை நூலாக அங்கே இருந்தது.

"கட்டி இல்ல, புண் இல்ல, சளிகூட இல்ல. வயசானதுல கொஞ்சம் தளர்ந்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

"மருந்து?"

"இதுக்கு மருந்து கிடையாது சார். பேச்சுப் பயிற்சி இருக்கு, கொஞ்சம் உதவும். பழைய மாதிரி வருமான்னா, சொல்ல முடியாது."

சளி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஏதாவது ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் என் பழைய குரல் உள்ளே அப்படியே இருக்கும் என்றுதான் இத்தனை நாளாக நம்பியிருந்தேன். ஒன்றுமே அடைக்கவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. ஆட்டோவில் வரும்போது அழுதேன். மனைவி மடியில் பாட்டிலைப் பிடித்தபடி வந்தாள்.

குழுத் தலைவரிடம் போய், தம்பியே பாடட்டும் என்றேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். "இந்த ஒரு வருஷம் நீங்களே பாடுங்கண்ணே. தம்பி உங்க பின்னால நிக்கட்டும். குரல் நின்னுச்சுன்னா அவரு எடுத்துப்பாரு" என்றார். பத்தொன்பது வருடம் பாடியவனுக்குப் பின்னால் ஸ்டெப்னி. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரியென்றேன். ஆசை வெட்கம் அறியவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. கஞ்சி மட்டும் குடித்த வயிறு. கோயில் நிரம்பி வாசல் வரை ஆள். மற்ற வருடங்களில் நான் நெஞ்சை நிமிர்த்தி ராஜா மாதிரி ஆரம்பிப்பேன். அன்று பாட்டுத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. பின்னால் தம்பி மூச்சை இழுத்துத் தயாராவது என் பிடரியில் பட்டது. நான் நிறுத்தவில்லை. உடைந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, எப்போது முழுதாகப் போய்விடுமோ என்ற பயத்திலேயே ஒவ்வொரு வரியாகக் கடைசிவரை பாடி முடித்தேன். தம்பி வாயைத் திறக்க வேண்டி வரவில்லை.

வழிபாடு முடிந்து சிலுவையை முத்தமிடும் வரிசையில் நிற்கும்போது குழுத் தலைவர் என் கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "இத்தினி வருஷமா நீங்க பிலாத்தக் கவர்னராத்தான் பாடுனீங்கண்ணே. இன்னிக்குத்தான் அவன் பயந்தவன்னு தெரிஞ்சுது. எப்படிண்ணே அத யோசிச்சீங்க?"

யோசித்ததெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற மனைவி என் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தேன்.