ரோட்டுக்கு ஆகாத மண்

அந்த வரைபடத்தை விரிப்பதற்குத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. கண்டி நகருக்குள் நுழையாமல் வாகனங்கள் சுற்றிப் போவதற்கென்று திட்டமிட்ட புறவழிப் பாதைக்கு மூன்று தடங்களைச் சிவப்பு, நீலம், பச்சை என்று அதில் வரைந்திருந்தார்கள். தாள் சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைகளில் தேநீர்க் கோப்பைகளை வைத்திருந்தோம். கூடியிருந்தவர்கள் தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்களே தவிர யாரும் கிட்ட வரவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும் முன்னால் வந்து, பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரலை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மிஸ், இதுல நாங்க எங்க இருக்கோம்?"

நானும் தேடினேன். ஓடை இருந்தது, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை இருந்தது, பழைய துரையின் பங்களாகூட இருந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்கள் இல்லை. பழைய படத்தின் மேல் வரைந்தது என்று பொறியியலாளர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "அப்ப மொதல்ல எங்களப் போடுங்க. பொறவு ரோட்டப் போடலாம்" என்றார் அந்தப் பெண். பொறியியலாளர் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்துப் பச்சைக் கோட்டின் மேலேயே சின்னச் சின்னப் பெட்டிகளாக லயங்களைப் போட்டார். அவர் நல்ல மனிதர்.

அந்தப் பெண்ணைத் தோட்டத்தில் எல்லோரும் தலைவரக்கா என்றார்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பதவிக்கு அங்கே வந்த முதல் பெண் அவர்தான். வத்தேகமையிலிருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதை போன்ற ஒரு ரோட்டின் முடிவில் இருந்தது அந்தத் தோட்டம். கொழுந்து பறிக்கும் வேலை பெயருக்கு நடந்துகொண்டிருந்தது. இளையவர்கள் கண்டியில் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேலைக்குப் போய் வந்தார்கள். நான் கண்டி நகரத்து மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். தெருவில் விளையாடிக் கற்ற சிங்களமும் வீட்டுத் தமிழும்தான் எனக்குச் சோறு போட்டன. பாதைத் திட்டத்துக்கு மக்களிடமும் இயற்கைச் சுற்றாடலை அறிந்தவர்களிடமும் கருத்துக் கேட்கும் குழுவில் மொழிபெயர்ப்பாளராக என்னைத் தற்காலிகமாகச் சேர்த்திருந்தார்கள்.

போன இடமெல்லாம் பாதை வேண்டாம் என்றே சொன்னார்கள். சிவப்புத் தடம் ஆற்றோரக் கடைகளையும் வீடுகளையும் உடைத்துக்கொண்டு போனது. நீலத் தடம் வயல்களை இரண்டாகப் பிளந்தது. திகனயில் சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, "ரோட்டு கடைக்கு மேலால வந்தாலும் எங்களுக்கு மவுத்து, கடைய விட்டுத் தூரமாப் போனாலும் யாவாரம் மவுத்து. நீங்க எதக் கேட்டு எழுதப் போறீங்க மகள்?" என்றார். எதைச் சொல்கிறாரோ அதையே எழுதுவோம் என்றேன். அப்படியானால் ஒன்றும் எழுத வேண்டாம், பிளேன்டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

பாதை வேண்டும் என்று எங்களிடம் கேட்டவர் தலைவரக்கா ஒருவர்தான். அதற்காகத் தோட்டத்திலேயே அவரை ஏசினார்கள். லயத்தை உடைக்க வருகிறவனுக்குத் தேநீர் ஊற்றுகிறாள் என்றார்கள். அவர் அசையவில்லை. ஒருநாள் லயத்தில் தம் ஒற்றையறை வீடான காம்பிராவின் பின்பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சுவருக்கும் மலைக்கும் நடுவே கைவீசக்கூட இடமில்லை. மேலே தேயிலைச் செடிகளுக்கு ஊடாக நிலம் ஒரு நீண்ட வாய் போலப் பிளந்திருந்தது. அதற்குள் பிள்ளைகள் விழாதிருக்கக் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"காணி கேட்டு எங்கப்பா காலத்துலருந்து நடக்குறோம், மிஸ். தோட்டம் கவர்மென்ட்டக் கைகாட்டுது, கவர்மென்ட்டு தோட்டத்தக் கைகாட்டுது. ரோட்டு வந்தா ஒடைச்சித்தானே ஆகணும்? ஒடைச்சா வேற எடத்துல வச்சித்தானே ஆகணும்? யாருக்காகவோ போடுற ரோட்டு, போற வழியில எங்களையும் எறக்கி விட்டுட்டுப் போகட்டும்."

அந்த நாட்களில் எங்களுடன் வந்த புவியியலாளர் இளைஞர். கண்டிக்காரர். அதிகம் பேசமாட்டார். மலைச்சரிவில் அங்கங்கே துளை போட்டு மண்ணை எடுத்து நீளமான பெட்டிகளில் அடுக்கினார். பிளவின் இரு கரையிலும் முளை அடித்து, வாரத்துக்கு ஒருமுறை வந்து இடைவெளியை அளந்தார். அவர் குனிந்து அளக்கும்போது தலைவரக்கா பக்கத்தில் போய் நிற்பார். ஒருவருக்கு மற்றவரின் மொழி தெரியாது. இளைஞர் எழுந்து தலையை ஆட்டும் விதத்திலேயே அன்றைய செய்தியை அந்த அம்மா தெரிந்துகொள்வார். ஒருமுறை அந்த இளைஞர் என்னிடம் தனியாக, இவர்கள் இங்கே இருக்கக்கூடாது என்று சொன்னார். அதையும் அறிக்கையில் எழுதுவீர்களா என்று கேட்டேன். எழுதுவேன் என்றார். எழுதவும் செய்தார்.

கருத்துக் கூட்டம் பிரதேச செயலகத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. வயல்காரர்கள் மண் ஒட்டிய கால்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண் தோட்டத்துக்கு மேலிருந்த காட்டுத்துண்டைப் பற்றிப் பேசினார். அங்கே ஊறும் நீர்தான் கீழேயுள்ள வயல்களுக்கெல்லாம் போகிறது, காட்டைத் தொட்டால் ஊற்று வற்றும் என்றார். அவர் சொன்னது உண்மை. அதைத் தமிழில் சொல்லும்போது என் மனமும் அவர் பக்கமே சாய்ந்தது. பிறகு புவியியலாளரின் முடிவைப் பொறியியலாளர் வாசித்தார். பச்சைத் தடம் போகும் சரிவு நிலையற்றது. அங்கே பாதை அமைத்தால் நிற்காது. ஆகவே அந்தத் தடத்தைக் கைவிடுகிறோம். மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. தோட்டத்திலிருந்து வந்திருந்த சிலரும் லயம் தப்பியது என்று கைதட்டினார்கள்.

தலைவரக்கா எழுந்தார். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள், அதை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். 

"ரோட்டுக்கு ஆகாத மண்ணுன்னு சொல்றீங்க. சரிங்க மாத்தையா. நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த மண்ணு மேலதான் நாங்க படுத்திருக்கோம். ரோட்டுக்கு ஆகாதது எங்களுக்கு மட்டும் ஆகுங்களா?"

மொழிபெயர்ப்பாளர் தன்மையில் பேச வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. 'அவர் கேட்கிறார்' என்று சொல்லக்கூடாது. கேட்பவராகவே நின்று கேட்க வேண்டும். ஆகவே நான்தான் அந்த மண்டபத்தில் சிங்களத்தில், எங்களுக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டேன்.  மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை வகித்த அதிகாரி கடைசியில் மென்மையாகவே பதில் சொன்னார். அதையும் நானே தமிழில் சொன்னேன். "அது எங்கள் வேலைக்குள் வராது. நாங்கள் பாதைக்காக மட்டுமே வந்திருக்கிறோம். உரிய இடத்துக்கு எழுதுகிறோம்." கேள்வியும் என் வாயிலிருந்து வந்தது, பதிலும் என் வாயிலிருந்தே வந்தது. தலைவரக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

உரிய இடத்துக்கு எழுதினார்கள். அங்கிருந்து ஆட்கள் வந்து பார்த்து, லயத்துக்குப் போகும் வழியில் மண்சரிவு அபாயப் பகுதி என்று மூன்று மொழிகளிலும் ஒரு பலகை நட்டார்கள். வேறு காணி ஒதுக்குவதாகச் சொன்னார்கள். காணி ஒதுக்கவில்லை. சிவப்புத் தடத்தைக் கொஞ்சம் திருத்தி ஆற்றோரமாகப் பாதை வேலை தொடங்கியது. என் ஒப்பந்தமும் முடிந்து வேறொரு காரியாலயத்துக்குப் போய்விட்டேன்.

தலைவரக்கா மட்டும் என்னை விடவில்லை. அடைமழை பிடித்தால் தொலைபேசி அடிக்கும். "தங்கச்சி, கண்டியிலயும் மழையா?" என்றுதான் தொடங்குவார். நான் எனக்குத் தெரிந்த காரியாலயங்களுக்குப் பேசுவேன். கோவிலுக்குப் போய் இருங்கள் என்பார்கள். சனங்கள் பாய் தலையணையோடு கோவிலுக்குப் போவார்கள். மழை விட்டதும் திரும்பி வருவார்கள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அடுத்த முறை கிளம்புகிறவர்களின் தொகை குறைந்தது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. எத்தனை தரம்தான் ஒருவர் தம் வீட்டை விட்டு ஓடுவார்?

கடைசி மழை அப்படியில்லை. நாட்கணக்கில் இடைவிடாது கொட்டியது. மஹய்யாவையிலேயே எங்கள் வீட்டுப் படிக்கட்டில் தண்ணீர் ஓடை போல இறங்கியது. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஒரு விடிகாலையில் அந்த மலை இறங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நடந்ததைப் பிறகு தலைவரக்காவே சொன்னார். வெளிச்சம் வரும் நேரத்தில் சுவரில் புதிய வெடிப்பைக் கண்டிருக்கிறார். தம் மகனின் மனைவியிடம் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போகச் சொல்லிவிட்டு, மேல் லயத்திலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். எழும்பாதவர்களைத் திட்டி எழுப்பியிருக்கிறார். நடக்க முடியாத ஒரு கிழவரைப் பையன்களை விட்டுத் தூக்கவைத்திருக்கிறார். அவர் தட்டி எழுப்பிய எல்லோரும் பிழைத்தார்கள். அவருடைய காம்பிராவில் மருமகள் பிள்ளைக்குப் பால் கரைத்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும்; அதற்குள் மண் வந்து மூடிவிட்டது. "நான் சொன்னா போயிருவான்னு நெனச்சேன். போயிருவாதான். பால் குடுக்காமப் போனா புள்ள அழும்னு நின்னுருக்கா" என்றார். 

தோண்டுவதற்குப் பெக்கோ இயந்திரம் கேட்டிருக்கிறார்கள். கீழே புறவழிப் பாதை வேலைத்தளத்தில் நிறைய நின்றன. அங்கிருந்தவர்களும் உடனே புறப்பட்டிருக்கிறார்கள். ஆனால் தோட்டத்துக்கு ஏறும் வழி அவ்வளவு பெரிய இயந்திரத்துக்குப் போதவில்லை. பாதியில் மண்ணும் விழுந்திருந்தது. வழியை வெட்டி வெட்டி அது மேலே வந்து சேரும்வரை மண்வெட்டியாலும் கொழுந்துக் கூடையாலும் கையாலும் தோண்டினார்கள். கண்டியில் ஹோட்டல் சமையல்கட்டில் வேலை செய்த மகன் நடந்தே வந்து சேர்ந்தபோது, பிள்ளையை எடுத்திருந்தார்கள். தாயை மறுநாள் எடுத்தார்கள்.

நான் போனபோது அவர்கள் ஒரு பாடசாலையில் இருந்தார்கள். வகுப்பறையில் சிறுபிள்ளைகளின் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். தலைவரக்கா அங்கும் தலைவர்தான். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு உடுப்பு இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சை முடித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். அந்தக் கை வெந்நீரில் இருந்து எடுத்தது போலச் சுட்டது, அவருக்கே காய்ச்சல். அழுவதற்காகத்தான் நான் போயிருந்தேன் போலிருக்கிறது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அன்று காணி விஷயமாக ஓர் அதிகாரி வந்திருந்தார். புதியவர், இளைஞர், அவருக்குத் தமிழ் வராது. நான் இருப்பதைக் கண்டு பேச்சை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். இப்போது இரண்டு இடங்கள் பார்த்திருக்கிறோம், நல்ல இடங்கள், வந்து பார்த்துப் பிடித்ததைச் சொன்னால் விரைவில் வீடு கட்டத் தொடங்கலாம் என்றார் அவர். உண்மையிலேயே அக்கறையோடுதான் சொன்னார். பெண்கள் தலைவரக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அவருடைய மகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்தையாகிட்டச் சொல்லுங்க தங்கச்சி" என்றார் தலைவரக்கா. "எடம் புடிச்சிருக்கு, புடிக்கலன்னு பார்க்க எங்களுக்குத் தெரியாது. வீடு குடுக்குறவங்க பார்த்தது போதும். அந்த எடத்துல பெரிய ரோட்டு ஒண்ணு போடப்போறதாச் சொல்லி, ரோட்டுக்காரங்களக் கூட்டிட்டு வந்து மண்ணத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்க. ரோட்டு நிக்கும்னு அவங்க கையெழுத்துப் போட்டா, நாங்க போறோம்."

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன், தன்மையில். அதிகாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, இந்த அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இல்லை என்றேன்.